சினையில்லாத சாட்சிகள்

வேலாங்காடு அணை, மீன் சாட்சிக்கூடம். நூற்று ஐம்பத்தேழாவது அமர்வு. சித்திரை பதினொன்று, காலை ஒன்பது மணி. வந்திருந்தோர்:

க. கோகிலவாணி, ஆய்வாளர்.
மு. சென்னியப்பன், மீன்குஞ்சுப் பண்ணை. சாட்சி மீன் கொடுத்தவர்.
ரத்தினசபாபதி, சாயப்பட்டறை உரிமையாளர் சங்கம்.
ஜெசிந்தா, குடிநீர் செயற்பொறியாளர். மதகுச் சாவி இவரிடம்.
பூங்கோதை, பொதுச் சாட்சி. ஊர் பூலாங்காடு, வாய்க்காலின் கடைசி ஊர். சீட்டுக் குலுக்கலில் வந்த பெயர்.
ஜிலேபி மீன், முப்பது.

பதிவேட்டில் இவ்வளவும் எழுதி முடித்த கோகிலவாணி கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு இழுத்தாள். மீன்களையும் வந்திருந்தோர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது நீதிமன்ற உத்தரவு. முதல் அமர்வில் எல்லோரும் சிரித்தார்கள். மீனுக்கும் காபி உண்டா என்று யாரோ கேட்டார்கள். ஒன்பது வருடத்தில் அந்தச் சிரிப்பு தேய்ந்து போயிருந்தது.

கருவிகள் பொய் சொல்லிப் பிடிபட்டதால்தான் மீனுக்கு இந்த வேலை வந்தது. ஆற்று நீரை அளக்க வைத்திருந்த மின்னணுக் கருவிகளை ஆளாளுக்கு ஒரு விதமாகப் பழக்கி வைத்திருந்தார்கள். சில கருவிகள் பாலிதீன் பைக்குள் கிணற்றுத் தண்ணீரில் ஊறியபடி ஆற்றைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லிக்கொண்டிருந்தன. வழக்கு பதினான்கு வருடம் நடந்தது. கடைசியில் நீதிபதி சலித்துப்போய், அந்தத் தண்ணீரில் வாழ்கிற உயிரையே சாட்சிக்கு அழையுங்கள் என்று எழுதிவிட்டார். மீனை யாரும் விலைக்கு வாங்க முடியாது என்பது அவருடைய நினைப்பு. மீனை எல்லோரும் விலைக்குத்தான் வாங்குகிறார்கள் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை.

நடைமுறை எளிது. முப்பது மீன் இருபத்தொரு நாள் ஆற்றுத் தண்ணீர் ஓடும் தொட்டியில் இருக்கும். இருபத்தோராம் நாள் ஐந்து பேர் கூடி அவற்றை அறுப்பார்கள். ஒவ்வொன்றின் ரத்தத்திலும் ஒரு சொட்டு எடுத்துக் காகிதப் பட்டையில் வைத்தால் கோடு எழும்பும். நீலக்கோடு ஆண் ஹார்மோன், சிவப்புக்கோடு பெண் ஹார்மோன். ஆண் மீனுக்கு நீலமும் பெண் மீனுக்குச் சிவப்பும் தடித்திருந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர். ஐந்து பேரும் கட்டைவிரல் வைக்க மதகு திறக்கும். பதினோரு ஊர்த் தொட்டிகள் நிரம்பும். அடுத்த அமர்வு வரை அதுதான் குடிக்க, சமைக்க, குளிக்க. கோடு மெலிந்திருந்தால் மதகு திறக்காது, சாயப்பட்டறைகளும் அடுத்த அமர்வு வரை மூடப்படும். அப்படி ஒரு நாள் இதுவரை வந்ததில்லை. அந்த நாளுக்கென்று வாங்கிய பெரிய பித்தளைப் பூட்டு கதவின் உள்பக்கம் தொங்கியது. பொங்கலுக்குப் பொங்கல் அதற்கு எண்ணெய் போடுவார்கள்.

ரத்தினசபாபதி வழக்கம்போல உருளைக்கிழங்கு போண்டாவும் தேங்காய்ச் சட்னியும் கொண்டுவந்திருந்தார். வெள்ளை வேட்டி, மெல்லிய குரல், யாரையும் ஒருமையில் கூப்பிடாத ஆள். வழக்கமாகப் பொதுச் சாட்சிகள் போண்டா தின்பார்கள், ஒரு மீன் அறுபடுவதைப் பார்ப்பார்கள், முகத்தைச் சுளிப்பார்கள், விரலை வைத்துவிட்டுப் போவார்கள். ஒருமுறை ஒருவர் வாக்குச்சீட்டில் சின்னத்தைத் தேடுவதுபோலப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எங்கே குத்துவது என்று கேட்டார்.

பூங்கோதை போண்டாவைத் தொடவில்லை. இருபத்தைந்து வயதிருக்கும். சேலை முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு மேசைக்கு எதிரில் நின்று கோகிலவாணியின் கைகளையே பார்த்தாள். கோகிலவாணியின் இடது மணிக்கட்டில் கட்டு போட்டிருந்தது. தை மாதம் அரை வாளித் தண்ணீரைத் தூக்கும்போது எலும்பு முறிந்தது. அரை வாளிக்கு எலும்பு முறியுமா என்று அவளே மருத்துவரிடம் கேட்டாள். நாற்பத்து நான்கு வயதில் உங்களுக்கு அறுபத்தைந்து வயது எலும்பு என்றார் அவர்.

மூன்றாவது மீனுக்குக் கத்தி வழுக்கியது.

"ஏனுங்கக்கா, அப்புடிக் குத்துனா பித்தப்பை ஒடஞ்சு போகுமுங்க. இங்க குடுங்க," என்றாள் பூங்கோதை.

கோகிலவாணிக்கு எரிச்சல் வந்தது. ஆனால் பொதுச் சாட்சி தன் கையாலேயே சோதிக்கலாம் என்று விதியில் இருக்கிறது. கத்தியைக் கொடுத்தாள். அதற்குப் பிறகு நடந்ததை எல்லோருமே கொஞ்சம் வேடிக்கையாகப் பார்த்தார்கள். மீன் மேசைக்கு வருவதும் வயிறு திறப்பதும் ஒரே அசைவாக இருந்தது. சந்தையில் மீன் ஆய்ந்து கொடுப்பதுதான் தன் தொழில், ஞாயிற்றுக்கிழமை என்றால் முந்நூறு மீன் கைமாறும் என்று அவள் தலை நிமிராமல் சொன்னாள். கோகிலவாணி ரத்தம் எடுத்துப் பட்டையில் வைத்தாள். நீலம், தடித்த நீலம். அடுத்ததும் நீலம்.

பத்தாவது மீனில் பூங்கோதையின் கை நின்றது. விரலால் குடலை ஒதுக்கிப் பார்த்தாள்.

"இதுலயும் இல்லீங்க."

"எது அம்மிணி?" என்றார் ரத்தினசபாபதி.

"சினைங்க."

"சினை இருந்தா வறுத்துத் திங்கலாம்னு பாத்தீங்களா? போண்டா இருக்குது, சாப்பிடுங்க."

சென்னியப்பன் சிரித்தார். பூங்கோதை சிரிக்கவில்லை. "திங்கறதுக்கு இல்லீங்க. இந்த அணை மீன்ல சினையப் பாத்து ஆறேழு வருசமாச்சு. மாசமா இருக்கற பொண்ணுக்குன்னு கேட்டு வருவாங்க, நானும் அறுத்து அறுத்துப் பாப்பேன். ஐஸ் பொட்டில வர்ற கடல் மீன்லதான் கெடைக்குது. சரி, சர்க்காரு தொட்டியிலயாச்சும் இருக்கும்னு பாத்தேன்."

சாட்சிக்கு ஆண் மீனாகத்தான் எடுக்கிறது என்றாள் கோகிலவாணி, சுருக்கமாக. பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தாள்.

"அப்பப் பொட்டையெல்லாம் எங்கீங்க போகுது? சந்தைக்கும் வர்றதில்லயே."

ஜெசிந்தா மேசையிலிருந்த படிவத்தை எடுத்துப் பார்த்தாள். தூத்துக்குடிக்காரி, இந்தக் கோட்டத்துக்கு மாற்றலாகி வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. படிவத்தில் எல்லாக் கட்டங்களும் நிரப்பியிருந்தன. அமர்வுக்கு முன்பே நிரப்பிவிடுவது கோகிலவாணியின் பழக்கம்.

"ஆண் பதினஞ்சு, பெண் பதினஞ்சுன்னுல்லா இதுல போட்டிருக்கு," என்றாள் ஜெசிந்தா.

கோகிலவாணி பட்டைகளை வரிசையாக அடுக்கினாள். அடுக்கி முடித்த பிறகும் விரல்கள் அங்கேயே இருந்தன.

நடந்தது இதுதான். முதல் வருடம் பதினைந்துக்குப் பதினைந்து என்றுதான் வந்தது. ஜிலேபி மீனில் தாய் முட்டையை வாயில் வைத்து அடைகாக்கும். அந்த நாட்களில் இரை எடுக்காது. இரை எடுக்காத மீனின் ரத்தத்தில் கோடுகள் குழம்பும். அமர்வைத் தள்ளிவைக்க வேண்டிவரும். ஒரு வாரம் தள்ளினால் பதினோரு ஊரும் வாசலில் வந்து நிற்கும். இரண்டு முறை அப்படி நின்றார்கள். மூன்றாம் முறை கோகிலவாணி சென்னியப்பனைத் தனியாகக் கூப்பிட்டு, ஆணாகப் பார்த்து, பெரிதாகப் பார்த்துக் கொண்டுவரச் சொன்னாள். அவர் மகிழ்ச்சியாகத் தலையாட்டினார். சாட்சிக்கு நோஞ்சான் மீனை அனுப்புவது அவருக்கும் கௌரவக் குறைச்சலாக இருந்தது. கல்யாண வீட்டுக்குத் தேர்ந்தெடுப்பதுபோல ஒவ்வொன்றும் அரைக் கிலோவுக்குக் குறையாமல் கொண்டுவந்தார். இது எங்கும் எழுதப்படவில்லை. படிவத்தில் மட்டும் கை பழைய எண்களையே போட்டுக்கொண்டிருந்தது. பொய் எழுதுகிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. பேனா எழுதியது, அவ்வளவுதான்.

இதை இவ்வளவு ஒழுங்காக அவள் ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை. ஆண் மீனே கேட்டு வாங்கியதை மட்டும் சொன்னாள். பிறகு சென்னியப்பனைப் பார்த்து, பொட்டை மீன்களை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

சென்னியப்பன் கையிலிருந்த போண்டாவை ஆராய்ந்தார். "அது... இருக்குமுங்க. கொஞ்சநஞ்சம்."

பொய் சொல்லத் தெரியாத மனிதர். கோகிலவாணி எழுந்து சுவர் அலமாரியைத் திறந்தாள். முதல் வருடம் குஞ்சுகளைச் சோதிக்க வாங்கிய மரபணுப் பட்டைகள் ஒரு டப்பாவில் மிச்சம் இருந்தன. காலாவதியாகி இரண்டு வருடம். மீன் இன்று ஆணா பெண்ணா என்பதை அவை சொல்லாது. முட்டையில் கருவானபோது என்னவாக இருந்தது என்பதைச் சொல்லும். கருவில் ஆண் என்றால் இரண்டு புள்ளி, பெண் என்றால் ஒன்று.

முப்பது மீனையும் அறுத்து, முப்பது பட்டையிலும் சொட்டு வைத்து, நாற்பது நிமிடம் காத்திருந்தார்கள். போண்டா ஆறியது. சட்னியில் ஈ உட்கார்ந்தது. வெளியே வாய்க்கால் படித்துறையில் குடங்களின் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. மதகு திறக்கும் நாளில் படித்துறைக்கு வந்து பிடித்தால் ஊர்த் தொட்டிக்குப் போகும் முன்பே சுத்தமான தண்ணீர் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை.

ரத்தத்தில் முப்பதுக்கு முப்பது நீலக்கோடு. வயிற்றில் முப்பதுக்கு முப்பது ஆண் உறுப்பு. மரபணுப் பட்டையில் பதினாறு மீனுக்கு இரண்டு புள்ளி. பதினான்கு மீனுக்கு ஒன்று.

"பதினாலு மீன் பொட்டையாக் கருவாகி ஆணா வளந்திருக்குது," என்றாள் கோகிலவாணி. அதைச் சொன்னபோது அவளுக்குக் கோபம் வர ஒரு ஆள் கிடைத்ததில் சிறு நிம்மதி இருந்தது. பண்ணைக்காரர்கள் என்ன செய்வார்கள் என்பது ஊருக்கே தெரியும். பொரிந்த கையோடு குஞ்சுகளுக்கு ஆண் ஹார்மோன் கலந்த தீவனம் போட்டால் எல்லாம் ஆணாகும், பெரிதாக வளரும், முட்டை கிட்டை என்று நேரத்தை வீணாக்காது. விற்கிற மீனுக்குச் செய்யலாம். சாட்சி மீனுக்குச் செய்யக்கூடாது.

"சாட்சிக் குட்டையிலயும் மருந்துத் தீவனம் போட்டிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"சென்னியப்பண்ணா, பட்டை இங்க கெடக்குது. பொய் சொல்லாதீங்க."

"என்ற புள்ளைக மேல சத்தியமா இல்லீங்க." அவர் போண்டாவைத் தட்டில் வைத்துவிட்டுத் துண்டில் கையைத் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது. "சாட்சிக் குட்டைக்கு மட்டும் இல்லீங்க, எந்தக் குட்டைக்குமே போடறதில்ல. டப்பாவப் பூட்டி வெச்சு ஆறு வருசமாச்சு."

"அப்பறம் எப்புடி எல்லாம் ஆணாச்சு?"

"அதா ஆகிக்குதுங்க."

அறையில் மற்ற நால்வரும் அவரையே பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். ஆறு வருடம் முன்பு போர்வெல் வற்றிவிட்டது. சாட்சிக் குட்டைக்குக் கிணற்று நீர்தான் விட வேண்டும் என்று விதி இருந்தாலும் வேறு வழியில்லாமல் எல்லாக் குட்டைக்கும் வாய்க்கால் தண்ணீர்தான். அந்த வருடம் ஒரு தொகுதிக் குஞ்சுக்கு மருந்துத் தீவனம் வர இரண்டு மாதம் தாமதம். பாதி பொட்டையாகப் போகும் என்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். வளர்ந்ததும் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு ஆண். அடுத்த தொகுதிக்கு வேண்டுமென்றே போடாமல் பார்த்தார். அதுவும் ஆண். தாய் மீனை மட்டும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெளியூரிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"தண்ணியே பாத்துக்குதுன்னா நமக்கு நல்லதுதானேன்னு நெனச்சுட்டனுங்க. மருந்து போட்ட குஞ்சுன்னு சொல்லித்தான் விக்கறது. போடலீன்னு சொன்னா வாங்க மாட்டானுங்க. அதான் வாயத் தொறக்கல."

கோகிலவாணி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் கண்டுபிடித்த குற்றவாளி கையைவிட்டுப் போய்விட்டார். அந்த இடம் காலியாக இருந்தது.

ஜெசிந்தா, தண்ணீர் எப்படி ஆணாக்கும் என்று கேட்டாள். தான் கட்டட வேலை படித்தவள், கொஞ்சம் புரியும்படி சொல்ல வேண்டும் என்றாள். கோகிலவாணி ரத்தினசபாபதியைப் பார்த்தபடி சொன்னாள்.

"சாயப்பட்டறையில துணி தொட்டி தொட்டியாத்தான போகும். ஒரு தொட்டியில வெளுக்கும், அடுத்ததுல சாயம், அடுத்ததுல அலசு. ஒடம்புலயும் அப்புடித்தான். கொழுப்புல ஆரம்பிச்சு ஒவ்வொரு தொட்டியா மாறி மாறி வருது. கடைசிக்கு முந்துன தொட்டியில ஆண் ஹார்மோன். அத எடுத்துக் கடைசித் தொட்டியில போட்டாத்தான் பெண் ஹார்மோன். பொம்பளைக்கும் மொதல்ல நீலந்தான், அப்பறந்தான் சிவப்பு. அந்தக் கடைசித் தொட்டிய யாரோ மூடி போட்டுட்டாங்க. நீலம் நீலமாவே நிக்குது. பொட்டைக் குஞ்சு சிவப்பு இல்லாம ஆணாப் போகுது. ஆணுக்கு நீலம் இன்னும் கொஞ்சம் கூடுது. நாம பட்டையப் பாத்துட்டு, அடடா, என்ன தெம்பான மீனுன்னு கையெழுத்துப் போட்டோம்."

"மூடி போட்டது யாரு?" என்றாள் ஜெசிந்தா.

ரத்தினசபாபதி மறைக்கவில்லை. அவர் மறைக்கிற ஆளும் இல்லை. கப்பலில் போகும் துணி கன்டெய்னருக்குள் பூஞ்சை பிடிக்கிறது என்று வெளிநாட்டில் திருப்பி அனுப்பினார்கள். ஏழு வருடம் முன்பு கடைசி அலசில் ஒரு பூஞ்சை மருந்து சேர்க்கச் சொன்னார்கள். எல்லாப் பட்டறையும் சேர்த்தது. தடை செய்த ரசாயனப் பட்டியலில் முப்பத்தெட்டுப் பெயர் இருக்கிறது, இது இல்லை. பூஞ்சையைக் கொல்வது மீனை என்ன செய்யும்?

"பூஞ்சையும் அதுக்கு வேண்டிய கொழுப்பத் தொட்டி தொட்டியாத்தான் காச்சுது. உங்க மருந்து அந்தத் தொட்டிக்கு மூடி. மீனுக்குள்ள அதே அளவுல ஒரு தொட்டி இருக்குது, அதுலயும் போயி ஒக்காந்துக்குது."

"மீனுக்குள்ள மட்டுமுங்களா?" என்றாள் பூங்கோதை.

அவள் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள். பதில் எதிர்பார்த்துக் கேட்டதாகத் தெரியவில்லை. "எங்கூர்ல வயசுக்கு வந்த சீரு நடந்து நாலு வருசமாச்சுங்க. என்ற நாத்தனாளுக்குப் பதினேழு நடக்குது. கோயில் கோயிலாக் கூட்டிட்டுப் போறாங்க. நானுங் கட்டிட்டு வந்து ரெண்டு கலஞ்சு போச்சு. ஒரு ஊட்ல ஒருத்திக்குன்னா ஒடம்புக் கோளாறுன்னு சொல்லலாம்."

மீன் வேறு, மனுஷர் வேறு என்றார் ரத்தினசபாபதி. அதில் அவருக்கே பெரிய உறுதி இருப்பதாகத் தெரியவில்லை. அவருக்கும் பேத்திகள் உண்டு. ஆனால் அவர் ஐம்பது பட்டறைக்கும் எட்டாயிரம் ஆளுக்கும் பேச வந்தவர். குரலை உயர்த்தாமல் கோகிலவாணியின் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். மீன் பொய் சொல்லலீன்னு நீங்களே சொல்றீங்க. பொட்டையே இல்லாம வந்து நின்னு அது சொல்ல வேண்டியதச் சொல்லிருச்சு. அப்பப் பொய் சொன்னது யாருங்க? நூத்தம்பத்தாறு படிவத்துல பொட்டை பதினஞ்சுன்னு எழுதுன கை யாரு கை? நீங்க இன்னிக்கு மறுப்பு எழுதுனா மொதல்ல உள்ள போறது நீங்கதான். எங்க மருந்து அதுக்கப்பறம்தான். அதுவும் பட்டியல்ல இல்லாத மருந்து."

அவர் மிரட்டவில்லை. நடக்கப்போவதைத்தான் சொன்னார்.

ஜெசிந்தா ஒரு வழி சொன்னாள். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாள். இன்று ஒரு நாள் கையெழுத்துப் போட்டுவிடலாம். ஊர்த் தொட்டிகள் காய்ந்து கிடக்கின்றன, மறுத்தால் லாரித் தண்ணீர்தான், வீட்டுக்கு இரண்டு குடத்துக்கு மேல் கொடுக்க முடியாது. சித்திரை வெயிலில் கிழடுகளும் குழந்தைகளும் என்ன செய்யும்? அடுத்த அமர்வுக்கு வெளியூர்ப் பெண் மீன் கொண்டுவரலாம், முறையாகச் சோதிக்கலாம், அப்போது தெரிவது தெரியட்டும். "யாருக்கும் கேடு வராம முடிச்சிரலாமேம்மா. இருபத்தொரு நாள்தானே."

கோகிலவாணிக்கு அந்த வழி பிடித்திருந்தது. மனசுக்குள் அவள் பாதி தூரம் அதில் நடந்தும் விட்டாள். படிவத்தில் ஒரு எண்ணை அடித்துத் திருத்தினால் போதும். அடுத்த முறை பெண் மீனில் சிவப்பு மெலிந்திருந்தால் அதைக் கண்டுபிடித்தவளே அவளாகிவிடுவாள். பாராட்டுக்கூடக் கிடைக்கும்.

மேசையில் கிடந்த பட்டைகளைப் பார்த்தாள். இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு மதியம், அமர்வு முடிந்து தனியாக இருந்தபோது, கத்தி விரலில் பட்டது. அந்த ரத்தத்தை விளையாட்டாக ஒரு பட்டையில் வைத்தாள். முப்பத்தெட்டு வயதிலேயே தீட்டு நின்றுபோனவள் அவள். பட்டையில் நீலம் மெல்லிசாக வந்தது. சிவப்பு வரவே இல்லை. பட்டை மீனுக்கானது, மனுஷிக்கு வேலை செய்யாது என்று குப்பையில் போட்டாள். மீனுக்கும் மனுஷிக்கும் அந்தச் சிவப்பு ஒரே பொருள்தான், பெண்ணின் எலும்பைக் காப்பதும் அதுதான் என்பது முதல் வருடப் பயிற்சியில் முதல் நாள் பாடம். அது தெரிந்தேதான் குப்பையில் போட்டாள்.

"அடுத்த அமர்வுன்னா எனக்குத் தெரியாதுங்களே," என்றாள் பூங்கோதை.

ஜெசிந்தா அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்லீங்க, அடுத்த வாட்டி சீட்டுல என்ற பேரு வராதுங்களே. வேற யாராச்சும் வருவாங்க. வந்து போண்டா தின்னுட்டுப் போவாங்க. அதச் சொன்னேன்." பிறகு கொஞ்சம் யோசித்து, "தண்ணி வேணாம்னு சொல்றதுக்கு எனக்கு மட்டும் ஆசையாங்க? ஊட்ல மூணு குடந்தான் இருக்குது," என்றாள்.

கோகிலவாணி பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தாள். மறுப்பு எழுத ஒரு தனிப் பக்கம் உண்டு. ஒன்பது வருடமாக ஒட்டிக்கொண்டிருந்த அந்தப் பக்கத்தைக் கத்தி முனையால்தான் பிரிக்க முடிந்தது. எழுத நேரம் ஆகவில்லை. சாட்சிகள் முப்பதும் ஆண். பதினான்கு கருவில் பெண். உடலில் பெண் ஹார்மோன் உண்டாவதைத் தடுக்கும் பொருள் தண்ணீரில் இருக்கிறது. மதகு திறக்கக் கூடாது. இதுவரை நூற்று ஐம்பத்தாறு படிவங்களில் பெண் மீன் எண்ணிக்கையில் முதல் வருடத்துக்குப் பிறகு எழுதியது எல்லாம் பொய். எழுதியவள் நான். சாட்சிக்கு ஆண் மீனைக் கேட்டதும் நான், பண்ணைக்காரர் அல்ல. கீழே பெயர் போட்டாள்.

ரத்தினசபாபதி அதைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். "காலாவதியான பட்டைங்க அம்மிணி. கோர்ட்ல நிக்காது."

"அதுக்குத்தான் மீன் இருக்குதே. புதுப் பட்டையில அவங்களே பாத்துக்கட்டும்," என்றாள் கோகிலவாணி.

அப்படியென்றால் மீனைக் காக்க வேண்டும். ஜெசிந்தா சுவரில் மாட்டியிருந்த விதிகளை முதல் முறையாகக் கடைசி வரை படித்தாள். மறுப்பு எழுதப்பட்டால் மீன்களும் பதிவேடும் கூடத்தைவிட்டுப் போகக்கூடாது. நீதிமன்ற ஆள் வரும்வரை பொதுச் சாட்சி மட்டும் உள்ளே இருந்து கதவைப் பூட்டிக்கொள்ள வேண்டும். யாருடைய கையெழுத்து சந்தேகத்துக்கு உரியதோ அவர் முதலில் வெளியேற வேண்டும். அந்த வரியைப் படித்துவிட்டு ஜெசிந்தா நிறுத்தினாள்.

கோகிலவாணி அந்த விதியைப் பலமுறை படித்தவள். ரத்தினசபாபதி போன்ற ஒருவருக்காக எழுதியது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

அலமாரிச் சாவி, பூட்டின் சாவி, முத்திரை, கத்தி நான்கையும் மேசையில் வைத்தாள். முப்பது மீனையும் பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கி எண்ணினாள். பூங்கோதையிடம் பெட்டியைத் திறக்காதே, பனிக்கட்டி உருகினால் பின்பக்கக் குழாய் வழியாக வடித்துவிடு, யார் தட்டினாலும் நீதிமன்ற அட்டையைச் சன்னல் வழியாகப் பார்த்த பிறகே திற என்றாள்.

"எத்தன நேரம் ஆகுமுங்க?"

"சாயங்காலம் ஆயிரும். போண்டா இருக்குது, சாப்பிடு."

"போண்டா ஆறிப்போச்சுங்க," என்றாள் பூங்கோதை. பிறகு, குரல் மாறாமல், "அக்கா, கையப் பாத்துப் போங்க," என்றாள்.

கோகிலவாணி வெளியே வந்தாள். வெயில் முகத்தில் அடித்தது. காய்ந்த வாய்க்காலின் இரு கரையிலும் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக, பச்சை, நீலம், சிவப்பு. படித்துறையில் முதலாவதாக உட்கார்ந்திருந்த பெண் கண்ணுக்கு மேல் கையை வைத்து அவளைப் பார்த்தாள்.

"ஏனுங்க, தண்ணி வுட்டாச்சுங்களா?"

கோகிலவாணி அடுத்த படியில் இறங்கினாள். இவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. மற்ற மூவரும் வெளியே வந்ததும் பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஒன்பது வருடம் எண்ணெயை மட்டுமே கண்ட பூட்டு சாவியின் முதல் சுற்றிலேயே பூட்டிக்கொண்டது.